பங்குச் சந்தை மோசடியை அமெரிக்க ஆணையத்திடம் தெரிவிப்போர் கவனத்திற்கு

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் நடக்கும் கணக்கு மோசடியை அறிந்தவர், அதை யாரிடம், எந்த வடிவில் தெரிவிக்கிறார் என்பதைப் பொறுத்தே வெகுமதியும் பாதுகாப்பும் அமைகின்றன. 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் என்ற நிதிச் சீர்திருத்தச் சட்டப்படி, ஒருவர் தாமாக முன்வந்து தரும் புதிய தகவலின் பயனாக அமெரிக்கப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் எஸ்.இ.சி. ஆணையம் 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தால், வசூலாகும் தொகையில் 10 முதல் 30 விழுக்காடு வரை அவருக்குக் கிடைக்கும். அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை.

ஆணையத்தின் இணையதளத்திலோ டி.சி.ஆர். என்ற புகார்ப் படிவத்திலோ தகவலை அனுப்பலாம். பெயரை மறைத்துக்கொண்டு வெகுமதியும் கோர விரும்புவோர் வழக்கறிஞர் மூலமாகவே அனுப்ப வேண்டும். ‘ஏதோ முறைகேடு நடக்கிறது’ என்று பொதுவாக எழுதுவதால், என் கருத்தில், பயன் ஏதும் இல்லை. அனுப்பாத சரக்குக்குக் காலாண்டின் கடைசி நாளில் பில் போடப்பட்டிருந்தால், பில் எண், தேதி, தொகை, ஒப்புதல் தந்தவரின் பதவி, அந்தச் சரக்கு உண்மையில் கிடங்கிலேயே கிடந்ததற்கான ஆதாரம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். வழக்கறிஞர்-கட்சிக்காரர் ரகசியம் கருதி, நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எழுதிய மின்னஞ்சல்களை மட்டும் தொடாமல் இருப்பது நல்லது.

முதலில் நிறுவனத்துக்குள் புகார் அளித்தவர், 120 நாட்களுக்குள் ஆணையத்திடமும் தெரிவித்துவிட்டால், முதல் புகாரின் தேதியே வெகுமதிக்குக் கணக்கில் கொள்ளப்படும். ஆனால் 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, பழிவாங்கலுக்கு எதிராக டாட்-ஃபிராங்க் சட்டம் தரும் பாதுகாப்பு, ஆணையத்திடம் புகார் செய்தவருக்கே உண்டு.

வெகுமதி தானாக வந்து சேராது; வழக்கு முடிந்த அறிவிப்பு ஆணையத்தின் இணையதளத்தில் வெளியான 90 நாட்களுக்குள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.