மாடித்தோட்டத்துக்கு மழைநீர்: படிக்கட்டுக் கூண்டின் கூரையிலிருந்து ஒரு டிரம் நிரப்பும் முறை

சென்னையில் 2003ஆம் ஆண்டிலிருந்து எல்லாக் கட்டடங்களிலும் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு, மொட்டை மாடியில் விழும் நீரை நிலத்துக்குள் இறக்குவதற்கானது. அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றின் வழியாக மேலே திரும்பி வரும்போது நிலத்தடி உப்பையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. தரையில் உள்ள தோட்டத்தில் பெருமழை அந்த உப்பை ஆழத்துக்குக் கழுவிவிடும். பத்து கிலோ மண்கலவை மட்டுமே கொண்ட குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பையில்), குறிப்பாகக் கோடை மாதங்களில், ஊற்றும் நீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் தங்கி, பையின் விளிம்பில் வெண்படலமாகப் படிகிறது. குழாயில் வரும் குடிநீர் வாரிய நீரில் உப்பு குறைவென்றாலும் குளோரின் இருக்கிறது; நுண்ணுயிர்களைப் பெருக்குவதற்காகவே சாணமும் கோமியமும் கொண்டு தயாரிக்கும் ஜீவாமிர்தத்தைக் கிருமிநாசினி கலந்த நீரில் கரைப்பது பொருளற்ற வேலை. ஆகவே, சிறிய அளவிலேனும் மழைநீரைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்வது இயற்கை முறையில் செடி வளர்ப்பவர்களுக்கு மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து.

எந்தக் கூரையிலிருந்து பிடிப்பது?

தோட்டம் மாடியில் இருக்கும்போது மாடித் தளத்தின் நீரைப் பிடித்தால், டிரம்மைத் தரைத்தளத்தில் வைத்து, குடம் குடமாக மேலே தூக்க வேண்டியிருக்கும். மேலும், தொட்டிகளிலிருந்து வழியும் மண்ணும் எருக்கரைசலும் அந்த நீரில் கலந்திருக்கும். இதற்கு எளிய மாற்று, ஹெட்ரூம் என்று கொத்தனார்கள் சொல்லும் படிக்கட்டுக் கூண்டின் கூரை. அதில் செடி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, அதன் நீர் நேராக மொட்டை மாடியிலேயே வந்து விழுகிறது. டிரம்மைக் கூண்டின் சுவரை ஒட்டி வைத்தால் தண்ணீரைத் தூக்கவும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

கூரை சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். பன்னிரண்டு சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்து, சிமென்ட் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக எண்பது விழுக்காடு கிடைப்பதாகக் கொண்டால், 192 லிட்டர் வரும். அழுக்கு நீராக முதலில் வெளியேற்றும் 20 லிட்டரைக் கழித்தாலும், 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய நிரம்பிவிடும். இருபது பைகளுக்கு, பைக்குத் தினம் ஒரு லிட்டர் வீதம் எட்டு நாள் ஊற்றலாம்.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. ஆனால் அந்த மாதங்களில் செடிகளுக்கு நாம் நீர் ஊற்றத் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. டிரம் தன் விலையை ஈடுகட்டுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஒரு மாலை இடியுடன் மழை பெய்து, பின் நான்கைந்து நாள் வெயில் காயும் காலத்தில்தான். ஒவ்வொரு இடைவெளியிலும் அது காலியாகி மீண்டும் நிரம்புகிறது. பெரிய தொட்டி வாங்கி மே மாதம் வரை சேமித்துவிடலாம் என்ற ஆசைக்கு மொட்டை மாடி ஏற்ற இடமன்று. சேமிப்பைவிட, எத்தனை முறை நிரம்பிக் காலியாகிறது என்பதையே கணக்கில் கொள்ளுங்கள்.

டிரம்மும் அதன் இடமும்

நீல நிற 200 லிட்டர் டிரம்கள் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப் பொருள் இருந்ததை மட்டும் வாங்குங்கள். வேதிப்பொருள் வாசனை வீசினால், எத்தனை முறை கழுவித் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். வாய் முழுவதும் திறந்து, மூடியை இரும்பு வளையத்தால் இறுக்கும் வகையையே நான் பரிந்துரைப்பேன். குறுகிய வாய் கொண்ட டிரம் மலிவுதான், ஆனால் கையை உள்ளே விட்டு நட்டு முடுக்கவோ, ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவவோ முடியாது. வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் வெளிப்புறம் கறுப்பு வண்ணம் பூசுவதோ சாக்கைச் சுற்றிக் கட்டுவதோ நல்லது.

நிரம்பிய டிரம்மின் எடை 200 கிலோவைத் தாண்டும். கூண்டின் சுவருக்கு அடியில் பொதுவாக உத்திரமோ சுமைதாங்கும் சுவரோ இருப்பதால், அதை ஒட்டிய இடமே பாதுகாப்பானது. தளத்தின் நடுவில் மூன்று நான்கு டிரம்களை வரிசையாக வைக்க விரும்பினால், முதலில் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். ஹாலோ பிளாக்கை இரண்டு அடுக்காக வைத்தால் 40 செ.மீ. உயரம் கிடைக்கும், பூவாளியைக் குழாயின் கீழ் வைக்க அது போதும்.

அடியிலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே குழாயை இணைக்கும் டேங்க் நிப்பிள் பொருத்துங்கள். வண்டல் அதற்குக் கீழே தங்கிவிடும். துளையைக் காய்ச்சிய கம்பியால் போடாமல் ஹோல் சா எனும் வட்ட ரம்பம் கொண்டு போடுங்கள். உருகிய விளிம்பு கரடுமுரடாக இருப்பதால் ரப்பர் வாஷர் சரியாகப் படியாது, கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

முதல் மழையை ஒதுக்குதல்

இந்த முழு வேலையிலும் அதிக நேரம் கேட்கும் பகுதி இதுதான். கூரையில் படிந்த தூசியும் புறாக்களின் எச்சமும் மழையின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் கழுவப்பட்டு வருகின்றன. பன்னிரண்டு சதுர மீட்டருக்கு அது 12 முதல் 24 லிட்டர் வரை. அந்த நீரைத் தானாக ஒதுக்க, கூரையிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பு) பொருத்தி, பக்கவாட்டுக் கிளையை டிரம்முக்கும், கீழ்க்கிளையை அடி மூடப்பட்ட நிலைக்குழாய்க்கும் கொடுக்க வேண்டும். முதல் நீர் கீழே விழுந்து நிலைக்குழாயை நிரப்பும். அது நிரம்பிய பிறகு வருவது டிரம்முக்குள் திரும்பும்.

சொல்லும்போது எளிமையாகத் தெரியும் இந்த அமைப்பு, மாடியில் உயரத்தால் இடிக்கிறது. டிரம்மின் உயரம் 90 செ.மீ., பிளாக் 40 செ.மீ.; ஆக, டீ இருக்கும் இடத்திலிருந்து தரைவரை கிடைப்பது, அடியில் நீரை வெளியேற்றும் வால்வுக்கு இடம்விட்டால், 1.2 மீட்டர்தான். வழக்கமான 110 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் எட்டரை லிட்டரே கொள்ளும் என்பதால் பத்து லிட்டருடன் அது நிரம்பி, மீதி அழுக்கு டிரம்முக்குள் போய்விடும். டிரம்மில் முதல் சில நாட்களிலேயே வாடை அடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம்.

நிலைக்குழாயின் கீழே 20 லிட்டர் தண்ணீர் கேனை இணைப்பது பலருக்கும் தோன்றும் வழி. எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. ஆனால் கேனின் குறுகிய வாய் வழியாக நீர் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றும் அதே வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மழை வலுத்ததும் இரண்டும் மோதிக்கொண்டு, கேன் பாதிகூட நிரம்பாத நிலையில் நீர் மேலே தேங்கி டிரம்முக்குள் திரும்பிவிடுகிறது. கேனின் தோளில் துளையிட்டு, ஒரு மெல்லிய குழலை டீயின் மட்டத்துக்கு மேல்வரை கொண்டுபோய்க் காற்றுக்கு வழி கொடுத்தால் இது சரியாகும். குழல் டீயைவிடத் தாழ்ந்திருந்தால் அதன் வழியே நீர் பீச்சியடிக்கும் என்பதைக் கவனிக்கவும்.

செலவு சற்றுக் கூடினாலும் நான் இப்போது சொல்வது 160 மி.மீ. குழாய். மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் கொள்வதால் 1.2 மீட்டரிலேயே 20 லிட்டரைத் தாண்டிவிடலாம். அதன் மேல்வாயில் 110 மி.மீ.க்குக் குறுக்கும் ஒரு ரெடியூசர் போட்டு, உள்ளே ஐந்து அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்து ஒன்றை இட்டுவிட்டால், நீர் ஏறியதும் பந்து மிதந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். கீழே உள்ள அழுக்கு நீர் கலங்கி மேலே வராது. அடியில் கையால் திறந்து மூடும் ஒரு பால் வால்வு (ball valve) அவசியம். குழாயின் அடியை மூடும் எண்டு கேப்பில் சிறு துளை போட்டால் தானாக வடியும் என்பார்கள். கூரைத் தூசி அந்தத் துளையை விரைவில் அடைத்துவிடுகிறது. மழை நின்றதும் வால்வைக் கையால் திறந்துவிடுவதே நம்பகமானது.

வழிநீரும் கொசுவும்

டிரம்முக்குள் வரும் குழாய் எவ்வளவு அகலமோ, அதே அகலத்தில் வழிநீர்க் குழாயும் இருக்க வேண்டும். அதை மொட்டை மாடியின் மழைநீர் வெளியேறும் தூம்பை நோக்கித் திருப்பிவிட்டால், மிஞ்சும் நீர் வழக்கம்போல் சேகரிப்புக் கிணற்றுக்கே போய்ச்சேரும். அந்த அமைப்பைத் துண்டித்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொட்டியது போன்ற மழை வரும் என்று தெரிந்தால், டிரம்முக்குப் போகும் கிளையை மூடிவிட்டு, நிலைக்குழாயின் வால்வைத் திறந்துவையுங்கள். கூடவே மூடியையும் இறுக்கிக் கட்டுங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரைத்தான் தேடி வருகிறது. முட்டையிலிருந்து கொசுவாக வளர அதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நீர் நுழையும் வாய், வழிநீர் வாய் இரண்டிலும் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு வலையைக் கட்டுங்கள். நைலான் வலை வெயிலில் நொறுங்கிவிடுகிறது. பலரும் மறப்பது நிலைக்குழாயை: வால்வைத் திறக்காமல் விட்டால் அதற்குள்ளேயே புழுக்கள் நெளியும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இங்கே கூடவே கூடாது, அந்த நீர் நேராகக் கீரைக்குப் போகிறது.

மணல், கரி, சரளை அடுக்கிய வடிகட்டி செடிகளுக்குத் தேவையில்லை. குடிநீருக்குச் சொல்லப்பட்டதை அப்படியே இங்கே கொண்டுவந்து, பிறகு அடைத்துக்கொண்ட மணலைக் கழுவுவதிலேயே பொழுது போய்விடும்.

எதற்கு முதலில் ஊற்றுவது?

நீர் குறைவு என்பதால் வரிசை வகுத்துக்கொள்ளுங்கள். முதல் உரிமை கரைசல்களுக்கு: ஜீவாமிர்தத்தைப் பத்து மடங்கு நீரில் கலப்பதற்கும், பத்து லிட்டருக்கு 300 மி.லி. பஞ்சகவ்யம் என்ற அளவில் தெளிப்பதற்கும். அடுத்து நாற்றுத் தட்டுகள். அதன் பிறகு உப்பைத் தாங்காத பீன்ஸ், கேரட், முள்ளங்கி. பீட்ரூட்டும் பசலையும் ஓரளவு உப்பைச் சமாளிக்கும் என்பதால் அவற்றுக்கு ஆழ்துளை நீரையே விடலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா ஆகியவற்றின் இலைமேல் கூரை நீரைத் தெளிக்காமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

சொட்டுநீர்க் குழாய்களை இந்த டிரம்முடன் இணைக்க வேண்டாம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தமே கிடைக்கும், 40 செ.மீ. மேடையிலிருந்து குரோ பேக்கின் உயரத்தைக் கழித்தால் டிரம் பாதிக்குக் கீழே இறங்கும்போது மிஞ்சுவது மிகச் சொற்பம். பூவாளியே போதும், அதில் ஒவ்வொரு செடியையும் நின்று பார்க்கும் பழக்கமும் வருகிறது.

வாசகர்களின் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

மழைநீர் மட்டுமே ஊற்றிய தக்காளியில் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதாக ஒருவர் எழுதியிருந்தார். சீரற்ற நீர்ப்பாய்ச்சலும் சுண்ணச்சத்துப் போதாமையும் இதற்குக் காரணங்கள். மழைநீரில் சுண்ணச்சத்து மிகக் குறைவு, தேங்காய் நார்க்கழிவிலும் அது அதிகமில்லை. எனவே மண்கலவை தயாரிக்கும்போதே பொடித்த முட்டையோட்டைச் சேர்த்து, வளரும் காலத்தில் ஆழ்துளை நீரையும் மழைநீரையும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு வேய்ந்த கூரையின் நீரைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பழைய தகடு தேயும்போது இழைகள் உதிர்கின்றன. தார் பூசிய கூரைக்கும் இதையே சொல்வேன்.

இன்னொருவர் தம் டிரம் நீரை, கரைந்துள்ள உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்தபோது 600க்கு மேல் காட்டியதாகக் குறிப்பிட்டார். மழைநீரில் அது வழக்கமாக 50ஐக்கூடத் தொடாது. விசாரித்ததில், மேல்நிலைத் தொட்டி அதே கூண்டின் கூரைமேல்தான் இருக்கிறது; மோட்டாரை நிறுத்த மறக்கும் நாட்களில் வழியும் ஆழ்துளை நீர் கூரையில் விழுந்து, டீ வழியாக டிரம்முக்குள் போயிருக்கிறது. உங்கள் வீட்டிலும் தொட்டி அங்கே இருந்தால், அதன் வழிநீர்க் குழாயை நீட்டிக் கூரைக்கு வெளியே இறக்கிய பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள்.