கோட்டை அருங்காட்சியகம்: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வந்து திரும்புகிறவர்கள் நிறைய. மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. சனி, ஞாயிறு நல்லது. தலைமைச் செயலகம் மூடியிருப்பதால் நெரிசல் இருக்காது. சட்டமன்றம் கூடும் நாட்களில் காவல் கெடுபிடி அதிகம், தவிர்த்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் வந்தால் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

உள்ளே நுழையுமுன் மதிலையும் அகழியையும் பாருங்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்கள். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. பீரங்கி எதற்கு, மதில் ஏன் இவ்வளவு தடிமன் என்பது இங்கே நின்றால்தான் விளங்கும்.

தரைத்தள ஆயுதக் கூடத்துக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். குறிப்பட்டைகள் சுருக்கமானவை, நாமேதான் உற்றுப் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் குழாயைவிட அதன் பின்பகுதியைக் கவனியுங்கள். எரியும் திரியைக் கவ்வும் வளைந்த கொக்கி இருந்தால் பழைய வகை. மழையில் திரி அணைந்துவிடும், இருட்டில் கங்கு காட்டிக்கொடுக்கும். சக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் தாடை இருந்தால் பிந்தைய வகை. பீரங்கிக் குண்டிலும் இப்படித்தான்: துளையில்லாத இரும்புருண்டை மதிலை இடிக்க, உள்ளீடற்றுத் திரித்துளையோடு இருப்பது வெடித்துச் சிதற.

திப்பு சுல்தானோடு போரிட்ட ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலையில் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பீடத்தில் திப்புவின் பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. 1792இல் முடிந்த அந்தப் போரை வென்றவர்கள் எப்படிக் காட்ட விரும்பினார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1840இல் சீனாவில் சிறைப்பட்ட மதராஸ் பீரங்கிப்படைக் கேப்டன் ஆன்ஸ்ட்ரூதரை அடைத்த மரக்கூண்டின் அளவையும் பாருங்கள். நிமிர்ந்து உட்காரவே இடமில்லை.

மாடியில் ஆளுநர்களின் ஓவியங்கள். நேரமில்லையென்றால் அவற்றை விடலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை மட்டும் விடவே கூடாது. பழந்துணி வெளிச்சத்தில் நைந்துபோகும் என்பதால் விளக்கு மங்கலாகத்தான் இருக்கும். கண் பழகும்வரை நில்லுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். வெளியே செயலகத்தையும் ராணுவப் பகுதிகளையும் படமெடுக்கக் கூடாது.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமீது சுட்ட குண்டின் சிதறல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தாக்குதலைக் குறிக்கும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உண்டு. கோட்டையிலிருந்து நடக்கிற தூரம்தான், அதையும் பார்த்துவிட்டே ரயிலேறுங்கள்.