நாண் சத்தம் குறைய கம்பளி நூல்

அம்பு விட்டதும் வில் 'டங்'கென்று அதிர்கிறதா, நாணின் இரண்டு முனையிலிருந்தும் கால்வாசி நீளம் தள்ளி, இழைகளைப் பிரித்து நடுவில் விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளைக் கொத்தாகச் செருகி இறுக்கிக் கட்டிவிடுங்கள். இதற்கென்று விற்கிற சைலன்சரெல்லாம் வேண்டாம், வேலூர் லாங்கு பஜாரில் வாங்கும் ஸ்வெட்டர் நூலே போதும்.

அம்போடு போகாமல் மிஞ்சுகிற விசைதான் நாணில் அதிர்ந்து சத்தமாகிறது, நூல் கொத்து அந்த அதிர்வைச் சீக்கிரம் அடக்கிவிடும். வில் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் இதை ரொம்பப் பார்ப்பார்கள், காரணம் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர், மரவில் அம்போ ஏறக்குறைய 50 மீட்டர்தான். 20 மீட்டர் தூரத்தில் சத்தம் முந்திப் போய்விடும், மிரண்ட மான் சட்டென்று உடம்பைத் தாழ்த்தினால் அம்பு முதுகுக்கு மேலே போகும். பத்து மீட்டருக்குள் என்றால் பெரிய வித்தியாசம் இருக்காது.

நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம், ஜவ்வாது மலைப் பக்கம் வில்லோடு போகிற யோசனையே வேண்டாம். காட்பாடியில் கொல்லையில் வைக்கோல் கட்டு வைத்துப் பழகுகிறவர்களுக்கு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சத்தத்துக்காக வாங்கும் திட்டு குறையும், அவ்வளவுதான்.

மழையில் இது சரிப்படாது, நூல் நனைந்து கனத்தால் அம்பு தாழ விழும். அப்புறம் அம்பு ரொம்ப லேசாக இருந்தால் எத்தனை கொத்து கட்டினாலும் வில் கத்தும், அதற்குக் கனமான அம்புதான் மாற்ற வேண்டும்.