நரகத்தைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

"நரகத்தைப் பற்றி பைபிள் என்ன சொல்கிறது?" என்று யாராவது கேட்டால், "எந்தச் சொல்லைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். எபிரெயத்தில் ஷியோல், கிரேக்கத்தில் ஹேடீஸ், கெஹன்னா. ஷியோலும் ஹேடீஸும் இறந்தோர் உலகம். நல்லவர்களும் அங்கேதான் போகிறார்கள். யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பி, தானும் அங்கே இறங்குவேன் என்று யாக்கோபு அழுகிறார். 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் மூன்றுக்கும் 'hell' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. தமிழ் வேதாகமம் பெரும்பாலும் முதல் இரண்டைப் பாதாளம், கெஹன்னாவை நரகம் என்று பிரித்தே வைத்திருக்கிறது. நாம்தான் படிக்கும்போது இரண்டையும் ஒட்டிவிடுகிறோம்.

இயேசு சொன்ன ஐசுவரியவான்–லாசரு கதையில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். செத்துப்போன ஐசுவரியவான் வேதனைப்படுவது பாதாளத்தில். அவனுடைய ஐந்து சகோதரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கடைசி நியாயத்தீர்ப்பு நடக்கவே இல்லை. வெளிப்படுத்தல் 20:14-இல் அந்தப் பாதாளமே அக்கினிக்கடலில், அதாவது இறுதி நரகத்தில், தள்ளப்படுகிறது. பாதாளமும் நரகமும் ஒன்றென்றால் அந்த வசனத்துக்குப் பொருளே இல்லை.

கெஹன்னா எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கு. அது எப்போதும் எரிந்துகொண்டிருந்த குப்பைமேடு என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். நானும் நெடுநாள் நம்பினேன். ஆனால் அதற்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்று சுமார் 1200-இல் வாழ்ந்த யூத அறிஞர் டேவிட் கிம்கியுடையது. இயேசுவின் காலத்துச் சான்று இல்லை. எரேமியா 7:31 சொல்வது அதைவிடக் கொடுமையானது: அங்கே பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டார்கள்.

சாத்தான் நரகத்துக்கு ராஜா என்பதும் தவறு. மத்தேயு 25:41-இன்படி அந்த நெருப்பு அவனைத் தண்டிக்க ஆயத்தமானது. பரலோகம் போகுமுன் ஆத்துமாக்கள் தூய்மையாகும் நிலை என்று கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலமும் நரகத்தின் ஒரு பகுதி அல்ல. அங்கிருப்பவர்கள் எல்லோரும் இரட்சிக்கப்பட்டவர்கள்.

"கிறிஸ்தவம் சொல்வது இதுதான்" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. முடிவில்லாத வேதனை என்பதே பெரும்பான்மைக் கருத்து. பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின் அதை உறுதியாக வாதிட்டார். அதற்கு ஆதாரம், நித்திய ஆக்கினையையும் நித்திய ஜீவனையும் ஒரே மூச்சில் சொல்லும் மத்தேயு 25:46. துன்மார்க்கர் இறுதியில் இல்லாமலே போவார்கள் என்பவர்கள், அதே மத்தேயுவில் 10:28-ஐக் காட்டுகிறார்கள். அங்கே வரும் சொல் 'அழிக்க'. ஆங்கிலிக்கப் போதகர் ஜான் ஸ்டாட் 1988-இல் இந்தப் பக்கம் சாய்ந்தபோது சுவிசேஷ வட்டாரங்களில் பெரும் சலசலப்பு. நரகத்தை ஓர் இடமாகப் பார்க்காமல், கடவுளை விட்டுத் தானே விலகிக்கொண்டவரின் நிலை என்று 1999-இல் விளக்கினார் போப் இரண்டாம் ஜான் பால். கடவுளின் அன்பே, அதை மறுப்பவருக்கு நெருப்பாகச் சுடுகிறது என்று கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பலர் சொல்வார்கள்.

எல்லோரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்ற, ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகனின் போதனை 6-ஆம் நூற்றாண்டில் கண்டனத்துக்கு உள்ளானது உண்மை. ஆனால் ஏறக்குறைய அதையே எழுதிய 4-ஆம் நூற்றாண்டு ஆயர் நிசாவின் கிரகோரியைக் கிழக்கும் மேற்கும் இன்றும் புனிதர் என்றே அழைக்கின்றன.