பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் போதும்: மகேந்திரகிரி, கூடங்குளம் டெக்னீஷியன் வேலைக்கு என்ன வழி?

பணகுடி தாண்டி காவல்கிணறு போகும்போது மேற்கே தெரியும் மலைதான் மகேந்திரகிரி. இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் வளாகம் அதன் அடிவாரத்தில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் இறங்கினால் கூடங்குளம். "அண்ணாச்சி, நம்மள எல்லாம் உள்ள விடுவாவளா?" என்று ஊர்ப் பையன்கள் கேட்கிறார்கள். விடுவார்கள். இரண்டு இடத்திலும் 'டெக்னீஷியன் பி' வேலைக்குப் பட்டம் தேவையில்லை. அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய்; அகவிலைப்படி, மற்ற படிகள் தனி.

1. வயதைக் கணக்குப் போடுங்கள்

கூடங்குளத்தை நடத்தும் அணுமின் கழகம் இந்த வேலைக்கான பயிற்சிக்கு 18 முதல் 24 வயது வரை எடுக்கிறது. இஸ்ரோவில் 35 வரை. பிடிக்காத காலேஜில் சேர்ந்து, அரியர் எழுதிக்கொண்டே 24-ஐத் தாண்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2. டிரேடு (ஐடிஐயில் எடுக்கும் தொழிற்பிரிவு)

ஃபிட்டர், எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம். என்னைக் கேட்டால் ஃபிட்டர். இரண்டு இடத்திலும் ஆள் எடுக்கும் டிரேடு அது. வெல்டர் ஒரே வருடத்தில் முடிந்துவிடும், ஆனால் அப்படிப்பட்ட டிரேடுக்கு அணுமின் கழகம் ஒரு வருட அனுபவமும் சேர்த்துக் கேட்கும். அணுமின் கழகத்துக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல், கணக்கு இரண்டிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. சேரும் முன் ஒரு கேள்வி

"இந்த டிரேடுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) அங்கீகாரம் உண்டா?" இதைக் கேட்காமல் ஒரு தனியார் ஐடிஐயில் பணம் கட்டி நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். "எல்லாம் கவர்மெண்டு சர்டிபிகேட்தான் தம்பி" என்றார்கள். கடைசியில் பார்த்தால் அது வேறு சான்றிதழ். திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐ பக்கத்தில் இருக்கும்போது வேறெங்கும் அலைய வேண்டியதே இல்லை.

4. எழுத்துத் தேர்வு

இஸ்ரோவில் 90 நிமிடத்தில் 80 கேள்விகள், எல்லாம் உங்கள் டிரேடில் இருந்து. அணுமின் கழகத்தில் முதலில் ஒரு மணி நேரத்தில் 50 கேள்விகள்: கணக்கு 20, அறிவியல் 20, பொது அறிவு 10. அதில் தேறியவர்களுக்கு டிரேடில் இன்னொரு தேர்வு.

தப்பான விடைக்கு மார்க் குறைப்பார்கள் என்று பயந்து பாதிக் கேள்வியை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். அணுமின் கழகத் தேர்வில் சரியான விடைக்கு 3, தப்புக்கு 1 குறையும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், சராசரியாக நான்கு கேள்விக்கு 3 வரும், 3 போகும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்துவிட்டால், மிச்சம் மூன்றில் ஒன்றைக் குத்துவது லாபம்தான். இஸ்ரோவிலும் தப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் குறையும், ஆகவே அங்கேயும் இதே கணக்கு.

5. கைவேலைத் தேர்வு

இஸ்ரோவில் இதில் தேறினால் போதும். தேர்வுப் பட்டியலுக்கு எழுத்துத் தேர்வு மார்க்கைத்தான் பார்ப்பார்கள். அதற்காக அலட்சியம் கூடாது, ஏனென்றால் இங்கே தேறாவிட்டால் அந்த மார்க் வீண். ஐடிஐயில் பக்கத்துப் பையன் ராவிய ஜாபை (செய்து காட்ட வேண்டிய இரும்புத் துண்டை)க் காட்டிக் கையெழுத்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அளவெடுக்கும் வெர்னியரை மற்றவர் பார்த்துச் சொல்லக் கேட்காமல் நீங்களே பார்த்துப் பழகுங்கள்.

6. காகிதங்கள்

பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் வேறு, அதை இ-சேவையில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஓபிசி இடங்களுக்கு 3 வருட வயதுத் தளர்வு கிடைப்பதும் அது இருந்தால்தான். அப்புறம், "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்று டீக்கடையில் லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறவரிடம் ஒரு வார்த்தைகூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

அறிவிப்பு நாம் நினைத்த நேரத்துக்கு வராது. வரும்வரை அப்ரண்டிஸ், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு, ஊர் லேத் பட்டறை என்று எதிலாவது சேர்ந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் அரம் பிடிக்காத கை, தேர்வறையில் ஜாபை வைஸில் மாட்டும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.