சுண்டெலியின் முதுகில் சோரியாசிஸ்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கிலங்கையில் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் தோல் நோயில் ஆய்வு செய்ய நினைத்தால், வெட்பாலைத் தைலம் முதலில் மனதில் வருவது இயல்பு. சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிசுக்கு, பேர்பெற்ற எண்ணெய் அது. அதைச் சுண்டெலியில் சோதிக்கும்போது எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் எடுப்பது, நோயெதிர்ப்பைத் தூண்டும் இமிக்குயிமொட் கிறீமைப் பூசி அழற்சி உண்டாக்கும் முறை. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் ஆய்வாளர்கள் 2009இல் அதை விவரித்தார்கள். மயிர் மழித்த முதுகில் அந்தக் கிறீமை நாள்தோறும் பூசினால், ஐந்தாறு நாளில் தோல் சிவந்து, தடித்து, செதில் விடும். ஐஎல்-23, ஐஎல்-17 என்ற நோயெதிர்ப்புப் புரதங்களின் அழற்சிப் பாதை அங்கே தூண்டப்படுகிறது. ஆனால் பூசுவதை நிறுத்தினால் அழற்சி தானே தணியும். வருடக்கணக்காக ஒரு மனிதரை வாட்டும் நோய் அதுவல்ல. 'சோரியாசிஸ் குணமானது' என்று எழுதாதீர்கள். 'இமிக்குயிமொட் உண்டாக்கிய அழற்சி குறைந்தது' என்று மட்டும் எழுதுங்கள்.

எண்ணெயால் வரும் சிக்கல்தான் பெரிது. கிறீம் பூசும் இடத்திலேயே தைலத்தையும் தடவினால், கிறீம் தோலுக்குள் இறங்குவதையே எண்ணெய் தடுக்கக்கூடும். அப்போது அழற்சி குறைந்தது மூலிகையாலா, எண்ணெய்ப் படலத்தாலா? தைலத்தின் அடிப்படையான வெறும் தேங்காயெண்ணெய் பூசிய ஒரு குழு இல்லாமல் இதற்கு விடை கிடையாது. இமிக்குயிமொட் பூசாத குழுவுக்கு வசலின் பூசுவதும் போதாது. சந்தையில் கிடைக்கும் இமிக்குயிமொட் கிறீமில் உள்ள ஐசோஸ்டியரிக் அமிலம் தன்பாட்டிலேயே அழற்சியைத் தூண்டும். ஆகவே இமிக்குயிமொட் நீக்கிய அதே கிறீம் அடிப்படை வேண்டும்.

இன்னொன்று. வெட்பாலைத் தைலம் ஊதா நிறம். அது சிவப்பை மறைக்கும். எந்த எலிக்கு எது பூசினோம் என்பதையும் புள்ளி போடுபவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். சிவப்புக்குப் புள்ளி போடுவதை நம்பாமல், கலிப்பரால் தோல் தடிப்பை அளங்கள். திசுச் சீவல்களை எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள்.

எலிகள் தம்மையும் பக்கத்து எலியையும் நக்கும். கிறீம் வயிற்றுக்குள் போனால் உடல் நலிந்து எடை குறையும், அதனால் தினமும் நிறுங்கள். வேறு வேறு மருந்து பூசிய எலிகளை ஒரே கூட்டில் விடாதீர்கள். அதற்காக ஒரு குழு முழுவதையும் ஒரே கூட்டில் அடைத்தால் கூட்டின் வேறுபாடு மருந்தின் வேறுபாடாகத் தோன்றும். ஒவ்வொரு குழுவுக்கும் பல கூடுகள் தேவை. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்வெட்டு வந்தால் ஜன்னலோரக் கூடு முதலில் சூடேறும். கூடுகளைக் குலுக்கல் முறையில் அடுக்குங்கள், வெப்பநிலையைக் குறித்து வையுங்கள்.

எலியின் மேற்தோல் நமதைவிட மிக மெல்லியது. மயிர் வளரும் கட்டத்தில் அதன் தோல் மருந்தேதுமின்றியே தடிக்கும். ஏழு, எட்டு வார வயதில் முதுகு மயிர் பொதுவாக ஓய்வில் இருக்கும். கறுப்பு எலியில் மழித்த தோல் கருமை தட்டினால் வளர்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த எலியை எடுக்காதீர்கள்.

வெண்புள்ளி நோய்க்கு வேறு கவனம் வேண்டும். எலியின் முதுகில் நிறமிக் கலங்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களில்தான் உள்ளன. ஹைட்ரோகுயினோன் பூசி வெளுக்கச் செய்வது இரசாயன நச்சு. உடல் தன் கலங்களையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான வெண்புள்ளி அல்ல. மேற்தோலிலும் நிறமிக் கலங்கள் தங்கும்படி மரபணு மாற்றிய எலியை 2012இல் பயன்படுத்தியபோதுதான் இன்டர்பெரோன் காமா என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் பங்கு தெளிவானது. அந்தப் பாதையைத் தடுக்கும் ருக்சோலிட்டினிப் கிறீமுக்கு 2022இல் அமெரிக்கா இந்நோய்க்கென அனுமதி அளித்தது.

எலிகளின் எண்ணிக்கை, குலுக்கல் முறை, எதை முதன்மை அளவாகக் கொள்வது ஆகியவற்றை ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே எழுதி முடியுங்கள். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதி அறிவிப்பது என்று சொல்லும், 2020இல் புதுப்பிக்கப்பட்ட அரைவ் வழிகாட்டியின் பத்து அடிப்படை அம்சங்களை அப்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.