விளக்கு அணைந்த பிறகுதான் ஈரம் ஏறுகிறது: வீட்டுக்குள் செடி வளர்க்கும் அறையில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அடக்குவது எப்படி

அறைக்குள் எல்இடி விளக்கு போட்டு மிளகாய், தக்காளி, பேசில், லெட்யூஸ் என்று வளர்க்கத் தொடங்குகிறவர்கள் எந்த விளக்கு வாங்கலாம், என்ன உரம் போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. என் கூடாரத்தில் (விளக்கைத் தொங்கவிட்டு உள்ளே செடி வளர்க்கும், ஜிப் வைத்த துணி அறை) பகல் முழுக்க 26 டிகிரி, பார்க்க எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் தினமும் காலையில் திறந்தால் உள்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர். மூன்றாவது வாரத்தில் பேசில் தண்டுகளில் சாம்பல் பூஞ்சை வந்து பாதிச் செடிகள் போயின. வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஈரத்தை விட்டுவிட்டேன். இரண்டும் தனித்தனிப் பிரச்சினை இல்லை, ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகரும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டுகிற, அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிற ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். செடியின் உச்சி உயரத்தில், விளக்கு வெளிச்சம் நேராக மேலே விழாதபடி தொங்கவிடுங்கள். வெளிச்சத்தில் வைத்தால் மீட்டரே சூடாகி உண்மையைவிட அதிக வெப்பமும் குறைந்த ஈரப்பதமும் காட்டும்.

மலிவான மீட்டர்கள் ஈரப்பதத்தில் 5 சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சாதாரணம். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 70 காட்டினால், இனி அது காட்டுவதோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள். விளக்கு எரியும்போது ஒரு அளவு, அணைந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு அளவு, மறுபடி எரிவதற்குச் சற்று முன்னால் ஒரு அளவு.

படி 2: வெப்பத்துக்குக் கணக்கு போடுங்கள்

எல்இடி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். விளக்கு இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் அந்த அறையில் வெப்பமாகத்தான் முடிகிறது, வெளிச்சமும் இலையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாகிறது. 200 வாட் விளக்கு என்றால் 200 வாட் ஹீட்டர் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: மொத்த வாட்டை 0.33-ஆல் வகுத்து, வெளிக்காற்றைவிட உள்ளே எத்தனை டிகிரி கூடினால் பரவாயில்லை என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணால் மறுபடி வகுக்க வேண்டும். 200 வாட், 3 டிகிரி என்றால் மணிக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் அளவு குழாய் எதுவும் மாட்டாத நிலைக்கானது. நீளமான, வளைவுகள் உள்ள குழாய் மாட்டினால் அது நிறையக் குறையும், அதனால் கணக்கில் வந்ததைவிட ஒரு அளவு பெரிய ஃபேனை வாங்கி மெதுவாக ஓடவிடுங்கள், சத்தமும் குறைவாக இருக்கும்.

இதில் ஒரு எல்லை உண்டு. உள்ளே வரும் காற்றே 32 டிகிரி என்றால் எத்தனை ஃபேன் வைத்தாலும் உள்ளே அதற்குக் கீழே போகாது. அப்போது விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அல்லது டைமரை மாற்றி இரவில் விளக்கு எரியும்படி வைக்க வேண்டும். இரண்டாவது வழிக்குச் செலவே கிடையாது, செடிக்கு அது பகலா இரவா என்று தெரியப்போவதும் இல்லை. கோடையில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

படி 3: காற்றுக்கு வழி விடுங்கள்

சூடான காற்று மேலே சேரும், அதனால் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே, காற்று உள்ளே வரும் துளை எதிர்ப்பக்கம் கீழே. துளை போதவில்லை என்றால் ஃபேன் திணறும். கூடாரத்தின் சுவர்கள் லேசாக உள்வாங்கினால் நல்லது, இழுத்துப் பிடித்தது போல ஒட்டிக்கொண்டால் துளையைப் பெரிதாக்குங்கள். உள்ளே ஒரு சிறிய ஃபேன் எப்போதும் ஓட வேண்டும், இலைகள் மெல்ல அசைந்தால் போதும். ஒரே செடியை நேராக அடித்தால் அதன் இலை ஓரங்கள் காய்ந்துவிடும்.

படி 4: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நீங்கள் ஊற்றும் தண்ணீரில் மிகச் சிறிய பங்குதான் செடியின் உடலாகிறது. மற்றதெல்லாம் இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகி அதே அறைக் காற்றில் கலக்கிறது. தினமும் 3 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 3 லிட்டர் ஆவியை வெளியேற்றியாக வேண்டும். செடி சின்னதாக இருந்தபோது பிரச்சினை இல்லையே, இப்போது ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அடியில் நெருக்கமாக, வெளிச்சம் படாமல் இருக்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கியதும் ஊற்றுங்கள், அணையப்போகும் நேரத்தில் வேண்டாம்.

படி 5: விளக்கு அணையும் நேரத்தைப் பிடியுங்கள்

என் பேசிலைக் கொன்றது இந்த நேரம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மீட்டர் காட்டும் சதவீதம், அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. காற்று குளிர்ந்தால் தாங்கும் அளவு குறையும். 25 டிகிரியில் 60 சதவீதம் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் அதே காற்று 18 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு ஈரம்கூட கூடாமலேயே 92 சதவீதம் ஆகிவிடும். 17 டிகிரியை நெருங்கும்போது இலையிலும் சுவரிலும் தண்ணீராகவே படியும். சாம்பல் பூஞ்சைக்கு வேண்டியது இப்படி நனைந்து கிடக்கும் இலைதான்.

பலர் விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஒரே டைமரில் மாட்டிவிடுகிறார்கள், இரண்டும் சேர்ந்து அணைகின்றன. இன்றே பிரித்துவிடுங்கள். விளக்கு அணைந்த பிறகும் ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடட்டும், முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் வேகமாகவே ஓடட்டும். அப்படியும் ராத்திரி ஈரப்பதம் 80-ஐத் தாண்டினால், தெர்மோஸ்டாட் வைத்த சிறிய ஹீட்டரால் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி தூக்கிப் பிடித்தாலே சதவீதம் இறங்கிவிடும். இதைச் செய்த பிறகு என் கூடாரச் சுவரில் தண்ணீர் முத்துக்களைப் பார்க்கவே இல்லை.

படி 6: எந்த எண்ணைக் குறிவைப்பது

வேர் சரியாகப் பிடிக்காத நாற்றுக்கு 24 டிகிரி, 70 முதல் 75 சதவீதம். இலை விட்டு வளரும் செடிக்கு 25 டிகிரி, 60 முதல் 65. பூவும் காயும் வரும்போது 26 டிகிரி, 55 பக்கம். லெட்யூஸ் குளிர்ச்சியை விரும்பும், அதற்கு இதைவிட நாலைந்து டிகிரி குறைவாக வையுங்கள். மிளகாயும் தக்காளியும் 32-க்கு மேல் போனால் பூவை உதிர்க்கத் தொடங்கும். விபிடி அட்டவணைகள் பார்த்திருப்பீர்கள், காற்று இலையிலிருந்து எவ்வளவு வலுவாக ஈரத்தை இழுக்கிறது என்பதன் அளவுதான் அது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் தலையைக் கொடுக்க வேண்டாம், மேலே சொன்ன எண்களைப் பிடித்தாலே அட்டவணையின் நல்ல பகுதிக்குள் வந்துவிடுவீர்கள்.

படி 7: டீஹியூமிடிஃபயர், ஏசி எல்லாம் கடைசியில்

வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் எக்ஸாஸ்ட் உதவாது, அப்போது டீஹியூமிடிஃபயர், அதாவது காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கிப் பிரிக்கும் இயந்திரம், தேவைப்படும். ஆனால் அது அறையைச் சூடாக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு லிட்டர் ஈரம் தண்ணீராக மாறும்போதும் சுமார் 0.68 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வெளிவரும், அதற்கு மேல் இயந்திரம் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகும். ஆகவே கூடாரத்துக்குள் வைக்காமல், கூடாரம் இருக்கும் அறையில் வையுங்கள். ஏசி என்றால் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்தே குறைக்கும், வெப்பமும் ஈரமும் ஒன்றாக அடிக்கும் ஊர்களில் அதுவே நல்லது.

ஒன்றை மாற்றினால் இரண்டு நாள் பொறுத்து மீட்டரைப் பாருங்கள், அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். ஹீட்டரையும் விளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். பிளக் பாயின்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி இருக்கட்டும், வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.